நெடுங்காட்டின் ஏழே முக்கால் வருஷம்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைக்கும். 15ஆம் தேதி நாட்டுக்கே லீவு. 16ஆம் தேதி எங்களுக்கு மட்டும். நெடுங்காட்டிலிருந்து சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை. அந்தப் பக்கம் இருந்த சொந்தக்காரப் பிள்ளைகள் 16ஆம் தேதி காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். நாங்கள் வேண்டுமென்றே அன்றைக்கு அவர்கள் தெருப்பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வருவோம்.

எதற்கு இந்த லீவு என்று தாத்தாவைக் கேட்டேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். "பிரெஞ்சுக்காரன் எழுதிக் குடுத்த நாள்" என்றார். அப்படியென்றால் நவம்பர் 1? "அது அவன் போன நாள்." போனதற்கும் எழுதிக் கொடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நாள் தாத்தா என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அது ஆச்சு, கொஞ்ச நாளு."

பல வருஷம் கழித்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1954 நவம்பர் 1 முதல் 1962 ஆகஸ்ட் 16 வரை ஏழு வருஷம், ஒன்பது மாதம், பதினைந்து நாள். ஏழே முக்கால் வருஷத்துக்கும் மேலே. அதைத்தான் அவர் கொஞ்ச நாள் என்றார். அந்தக் கொஞ்ச நாளில் என் பெரியத்தை எட்டு வயதுச் சிறுமியாக இருந்து கல்யாணப் பேச்சு எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டாள். ஒரே வீடு, ஒரே காலண்டர். தாத்தாவின் ஏழே முக்காலும் அத்தையின் ஏழே முக்காலும் ஒரே நீளமாக இருந்திருக்காது. ஏன் என்பதை நான் கொஞ்ச காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த வருஷங்களைச் சொல்லிவிடுகிறேன். காரைக்கால் 1739இல் தஞ்சாவூர் மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1880இல் பிரெஞ்சிந்தியாவைக் கொம்யூன்களாகப் பிரித்தபோது காரைக்கால் பகுதியில் அமைந்த கொம்யூன்களில் நெடுங்காடும் ஒன்று. இன்றைக்கும் எங்கள் ஊரில் அது கொம்யூன் பஞ்சாயத்துதான். சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல், நடுவில் நாங்கள். 1954 அக்டோபர் 18ஆம் தேதி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கீழூரில் மக்கள் பிரதிநிதிகளும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 1 அன்று, நிர்வாகம் கை மாறியது. கொடி மாறியது, மேலதிகாரி மாறினார். ஆனால் சட்டப்படி மண் இன்னும் பிரான்சினுடையது.

கையளிப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாயிற்று. அது உயிர் பெற பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அங்கே அல்ஜீரியப் போர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மண்ணை விட்டுக்கொடுப்பதைப் பற்றிப் பேசவே யாருக்கும் வாய் வராத காலம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது, அதே ஜூலையில் எங்கள் ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16 அன்று பத்திரங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அதுவரைக்கும் நெடுங்காட்டில் விதைத்தவன் இந்திய நிர்வாகத்தின் கீழே பிரெஞ்சு மண்ணில் விதைத்தான்.

ஏழரையோடு மூன்றரை மாதம் கூட. இதை எங்கள் பக்கத்து ஆள் யாரிடம் சொன்னாலும் உடனே சிரிப்பார்கள். நெடுங்காட்டுக்குத் தெற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் திருநள்ளாறு. சனி பகவான் ஊர். வடக்கே போனால் திருக்கடையூர். பதினாறு வயதுப் பையன் மார்க்கண்டேயனுக்காகக் காலனையே காலால் உதைத்த இடம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று தினமும் அங்கே யாராவது மாலையோடு நிற்பார்கள். தென்கிழக்கே காரைக்கால். இளமையும் அழகும் இருந்த உடம்பை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்ட புனிதவதி, காரைக்கால் அம்மையார். ஒருத்தர் மெல்ல நடக்கிறார், ஒருத்தன் பதினாறிலேயே நின்றுவிட்டான், ஒருத்தி ஒரே நொடியில் முதுமைக்குத் தாவிவிட்டாள். இந்த மூன்றுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்குக் காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடும் என்று நம்புவது கஷ்டம்தான்.

சனைச்சரன் என்ற பெயருக்கே மெல்லச் செல்பவன் என்றுதான் பொருள். மந்தன் என்றும் சொல்வார்கள். சூரியனைச் சுற்றிவர அந்தக் கிரகத்துக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் பிடிக்கிறது. வானத்தில் அதன் நகர்வு சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு பாகையில் முப்பதில் ஒரு பங்கு. முழு நிலா அகலத்தைக் கடக்கவே பதினைந்து நாள். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இதைப் பொறுமையாகப் பார்த்துக் குறித்துவைத்த ஆட்களை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நம் ஆட்கள் இந்த முப்பது வருஷச் சுற்றை வாழ்க்கையின் மேல் வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி, மூன்றாவது மரணச் சனி. ஜோசியத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்குப் பிடித்தது வேறு. ஒரே ஏழரை வருஷம் சின்னப் பிள்ளைக்கு ஒரு பெயர், நடுவயதுக்காரனுக்கு ஒரு பெயர், கிழவனுக்கு ஒரு பெயர். காலத்தின் நீளம் ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கு ஆள் அதன் குணம் மாறும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

(திருநள்ளாறுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிடுகின்றன என்று ஒரு வாட்ஸப் கதை உண்டு. என் அலுவலகத்திலேயே ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார், "உங்க ஊராமே!" தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் போகும். இதிலும் ஏழரை. மூன்று வினாடியில் அது காரைக்காலைத் தாண்டிக் கடலுக்குமேல் போயிருக்கும். நின்றால் விழுந்துவிடும். இன்னொரு வேடிக்கை இதைவிட நன்றாக இருக்கும்: 2025 மார்ச்சில் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி பெயர்ந்தாயிற்று. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி பெயர்ச்சி 2026இல்தான். நடைமுறையில் ஒரு தேதி, சட்டப்படி இன்னொரு தேதி. எங்கள் ஊருக்கு நடந்தது சனிக்கும் நடந்திருக்கிறது.)

பிரெஞ்சுக் காரைக்காலில் மனிதர்கள் மங்கு, பொங்கு என்று பேசிக்கொண்டிருந்த அதே காலத்தில், பிரான்சில் போல் ஜானே என்ற தத்துவப் பேராசிரியர் இதே விஷயத்துக்கு ஒரு பின்னம் எழுதினார். 1877. பத்து வயதுப் பையனுக்கு ஒரு வருஷம் அவன் வாழ்ந்ததில் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது வயதுக்காரருக்கு ஐம்பதில் ஒரு பங்கு. அதனால் பின்னவருக்கு அது சின்னதாகத் தெரிகிறது. அவ்வளவுதான் கோட்பாடு. இன்றைக்கும் இணையத்தில் யாராவது ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை இதைத் தானே கண்டுபிடித்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார். நானும் கல்லூரியில் படிக்கும்போது கண்டுபிடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் போட்டுப் பார்ப்போம். 1954இல் தாத்தாவுக்கு 32, அத்தைக்கு 8. ஏழே முக்கால் வருஷம் அத்தைக்கு அதுவரை வாழ்ந்த வாழ்க்கை அளவே இன்னொரு வாழ்க்கை. தாத்தாவுக்குக் கால்வாசி. ஒவ்வொரு நாளையும் அந்தந்த நாளின் வயதால் வகுத்துக் கூட்டிக்கொண்டே போனால், அத்தையின் காலம் தாத்தாவுடையதைப்போல் மூன்று மடங்கு வருகிறது. அழகான கணக்கு.

ஆனால் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் ஒரு ஓட்டை உடனே கண்ணில் படும். கணக்கை எந்த வயதிலிருந்து தொடங்குவது? ஐந்து வயதில் தொடங்கி எண்பதில் முடித்தால், உணரும் வாழ்க்கையில் பாதி இருபது வயதிலேயே முடிந்துவிடுகிறது. ஒரு வயதில் தொடங்கினால் ஒன்பது வயதிலேயே பாதி போச்சு. பிறந்த நிமிஷத்திலிருந்து தொடங்கினாலோ கீழே பூஜ்யம், கணக்கு முடிவிலிக்கு ஓடிவிடும். தொட்டிலில் கிடந்த முதல் நாள் மீதி வாழ்க்கை முழுவதையும்விட நீளம் என்று விடை வரும். தொடங்கும் இடத்தை நாம் தொட்ட மாதிரியெல்லாம் விடை மாறினால் அது விதி இல்லை, உவமை. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் இதையே வேறு விதமாகச் சொன்னார். ஜானேயின் பின்னம் நடப்பதை ஓரளவு வர்ணிக்கிறது, ஏன் நடக்கிறது என்று சொல்லவில்லை என்பது அவர் குறை. அவருடைய விளக்கம் பழக்கம். சின்ன வயதில் நாள் தவறாமல் ஏதாவது புதிதாக நடக்கிறது. வயதாக ஆக நாட்கள் ஒன்றுபோல் ஆகி ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. திரும்பிப் பார்க்கும்போது எண்ண ஒன்றும் கிடைப்பதில்லை.

அதே 1890இல் ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வந்தது. காலம் என்ற எண்ணம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி ழான் மரி குயோ எழுதியது. புத்தகம் வந்தபோது அவர் இல்லை. 1888இலேயே இறந்துவிட்டார், வயது 33. அவர் எண்ணம் இது: காலத்தின் நீளத்தை நாம் நேரடியாக அளப்பதில்லை, மனதில் தங்கிய காட்சிகளின் எண்ணிக்கையையும் தீவிரத்தையும், ஒன்றுக்கொன்று இருந்த வேறுபாட்டையும் வைத்து ஊகிக்கிறோம். முதுமைக்கு ஏன் காலம் ஓடுகிறது என்று யோசித்தவர் அதைப் பட்டுத் தெரிந்துகொள்ளும் வயதுக்கு வராமலே போய்விட்டார். முப்பதுகளின் நடுவில் நின்று இதை எழுதும்போது எனக்கு அது சும்மா ஒரு தகவலாகத் தெரியவில்லை.

ஜானேயின் பின்னத்தில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கீழே போடுகிற எண், அதாவது வயது, அது எங்கிருந்து வந்தது? ஒரு மனிதனுக்குத் தன் வயது இத்தனை என்று தெரிவதற்கு யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். பிரெஞ்சு முறையில் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் கொம்யூன் பதிவேட்டில் ஏற வேண்டும். தாத்தா நெடுங்காட்டில் பிறந்தவர், அவருக்கு 1922இல் ஒரு தேதி இருந்தது. அப்பாயி எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவளுக்குத் தேதி கிடையாது. "பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு மறு வருஷம்" என்பாள். எந்த வெள்ளம் என்று கேட்டால் உனக்கு என்ன தெரியும் என்று கோபம் வரும். தன் பிள்ளைகளின் வயதைக்கூட அவள் பதிவேட்டுக் கணக்கில் சொல்ல மாட்டாள். நடவு நேரத்தில் பிறந்தவன், அறுப்புக்குப் பிறந்தவள், 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயலுக்கு மறுநாள் பல் முளைத்தவன், இப்படி. வயதானபின் ஏதோ ஓர் உதவித்தொகைக்கு மனு எழுதப்போன இடத்தில் வயதுக்குச் சான்று கேட்டார்கள். அவள் ஊரில் அடித்த புயல்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எல்லைக்கு இந்தப் பக்கம் தேதி, அந்தப் பக்கம் வெள்ளமும் புயலும். நம்மில் பலருடைய அப்பா அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் போட்டதுதான் பிறந்த தேதி, அதுவும் வசதியாக மே, ஜூனில் விழும். ஜானேயின் கணக்கு அப்பாயியிடம் செல்லுபடியாகாது. அவளுக்குக் காலம் கழிந்த நீளம் ஆண்டுகளாக இல்லை, நிகழ்ச்சிகளாக இருந்தது. குயோ அவளைச் சந்தித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

குழந்தைகள் வயதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பிறகு ஒருவர் உட்கார்ந்து விசாரித்தார். 1928இல் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் ஐன்ஸ்டைன், ழான் பியாஜேயிடம் குழந்தைகளுக்குக் காலமும் வேகமும் எப்படிப் புரிகின்றன என்று கேட்டார். பியாஜே பதிலை 1946இல் ஒரு புத்தகமாகத் தந்தார். இரண்டு பொம்மைகள் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் நின்றாலும், தூரம் போன பொம்மைதான் அதிக நேரம் ஓடியது என்று சின்னப் பிள்ளைகள் சொன்னார்கள். உயரமான மரம்தான் வயதான மரம். வளர்ந்து முடித்தவர்களுக்கு மேற்கொண்டு வயதாகாது. அண்ணனைவிட உயரமாகிவிட்டால் அண்ணனாகிவிடலாம் என்று நம்பிய பிள்ளைகளும் உண்டு. சிறு குழந்தைக்குக் காலம் தனியாக ஒரு பொருள் இல்லை. வளர்ச்சி, தூரம், வேலை இவற்றோடு ஒட்டிக் கிடக்கிறது. பிய்த்து எடுக்கச் சில வருஷம் ஆகிறது. பிய்த்து எடுத்தபிறகுதான் அது ஓட ஆரம்பிக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, மறுபடி 1962.

ஒப்பந்தத்தில் எங்கள் மாதிரிக் குடும்பங்களின் தலையெழுத்தை வைத்திருந்த பிரிவுகள் இரண்டு. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் நாளில் இந்தப் பகுதிகளில் பிறந்து இங்கேயே குடியிருக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் அறிவிப்பே முடிவு. அவர் இல்லாவிட்டால் அம்மா, அவளும் இல்லாவிட்டால் காப்பாளர். பதினாறு வயதைத் தாண்டிக் கல்யாணம் ஆகியிருந்த ஆண்பிள்ளைக்கு மட்டும் சொந்தமாக முடிவெடுக்க வழி விட்டிருந்தார்கள். பெண்பிள்ளைக்கு அது கிடையாது.

ஆகஸ்ட் 16இலிருந்து ஆறு மாதம் என்றால் 1963 பிப்ரவரி நடுவில் முடிகிறது. டெல்டாக்காரர்கள் இந்தத் தேதிகளைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். அது ஒரு சம்பா. மேட்டூரிலிருந்து வருகிற தண்ணீர் எங்களைப் போன்ற கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் ஆவணியில் நாற்றங்கால், புரட்டாசியில் நடவு, ஐப்பசி கார்த்திகையில் மழைக்கும் களைக்கும் பயந்துகொண்டு கிடப்பது, மார்கழியில் காவல், தை பிறந்தபின் அறுப்பு, மாசிக்குள் களத்து வேலை. பிரெஞ்சுச் சட்ட வல்லுநர்கள் ஆறு மாதம் என்பது யோசிப்பதற்குத் தாராளமான அவகாசம் என்று நினைத்திருப்பார்கள். பாரிஸில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வயல் வைத்திருந்தவனுக்கு வருஷத்தில் தலை நிமிரவே முடியாத ஆறு மாதம் அது. அதன் நடுவில்தான் சீனப் போரும் வந்தது.

தாத்தா கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்து போடாமல் விட்டாரா, போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே விட்டாரா என்று யாருக்கும் தெரியாது. போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்று சட்டம் எழுதிவைத்திருந்ததால் அவர் எதையும் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. சொல்லாமல் இருந்த எல்லோரும் இந்தியர் ஆனார்கள், பெரும்பாலான ஜனங்கள் அப்படித்தான். எழுதிக் கொடுத்தவர்கள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்த்துச் சில ஆயிரம் பேர். அதில் பட்டாளத்திலும் அரசு வேலையிலும் இருந்தவர்கள் அதிகம். அவர்களின் வாரிசுகளுக்காக இன்றைக்கும் பிரெஞ்சு அதிபர் தேர்தலின்போது காரைக்காலில் வாக்குச்சாவடி வைக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெரியவர் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பேரன் பாரிஸுக்குப் பக்கத்தில் லாரி ஓட்டுகிறான். நான் சென்னையில் ஒரு பிரெஞ்சு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதுகிறேன். இரண்டில் எது தேவலை என்று இரண்டு பேருக்கும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு அபிப்பிராயம்.

தாத்தாவிடம் அந்த ஆறு மாதத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை கேட்டேன், அவருடைய கடைசிக் காலத்தில். "எப்படிப் போச்சுன்னே தெரியல" என்றார். பெரியவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான், நானும் இப்போது வாரத்துக்கு ஒருமுறை சொல்கிறேன். ஆனால் அவர் விஷயத்தில் அது அசட்டையாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆறு மாதம் அவருக்கு நிஜமாகவே அளவில் சின்னது. அதற்குமுன் எத்தனையோ சம்பா பார்த்தவர், அதற்குப்பின்னும் பார்த்தார். எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒரே சம்பாவாகிவிட்டது.

அந்த ஆகஸ்ட் 16ஆம் தேதி, பிரான்ஸ் காரைக்காலைச் சட்டப்படி விட்டுக்கொடுத்த அன்றைக்கு, மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயதுப் பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் இருந்தார். நிலவியல் ஆராய்ச்சியாளர். ஜூலை 16ஆம் தேதி கடிகாரம் இல்லாமல் உள்ளே இறங்கியிருந்தார். சூரிய வெளிச்சம் கிடையாது, பகல் இரவு கிடையாது, மேலேயிருந்து யாரும் மணி சொல்லக் கூடாது. தூங்கி எழுந்ததையும் சாப்பிட்டதையும் வைத்து நாட்களைக் குறித்துக்கொண்டு வந்தார். செப்டம்பர் 14ஆம் தேதி சோதனை முடிந்தது என்று சொன்னபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான். இருபத்தைந்து நாள் காணாமல் போயிருந்தது. வினாடிக்கு ஒன்றாக ஒன்று முதல் நூற்றிருபது வரை எண்ணச் சொன்னார்கள். தன் கணக்கில் இரண்டு நிமிஷத்துக்கு எண்ணி முடித்தார், வெளியே ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

சிஃப்ர் கிழவர் இல்லை, இளைஞர். அவருடைய பின்னம் மாறவே இல்லை. மாறியது குகை. ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துக்காட்ட எதுவும் இல்லாத இடத்தில் இருபத்து மூன்று வயதுக்காரனுக்கும் காலம் சுருங்குகிறது. ஜானே தோற்றதும் ஜேம்ஸ் ஜெயித்ததும் எனக்கு அந்தக் குகையில்தான்.

அளந்து பார்த்தவர்களும் ஏறக்குறைய அங்கேதான் போய் நிற்கிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் 14 முதல் 94 வயது வரை 499 பேரிடம் மார்க் விட்மனும் சாண்ட்ரா லென்ஹோஃபும் கேட்ட ஆய்வு 2005இல் வெளியானது. போன வாரம், போன மாதம் எவ்வளவு வேகமாகப் போனது என்ற கேள்விக்குச் சிறியவர், பெரியவர் பதிலில் பெரிய வித்தியாசம் இல்லை. போன பத்து வருஷம் என்று கேட்டபோதுதான் வயதோடு வேகம் கூடியது, அதுவும் ஒரு மிதமான அளவுக்கு. அதாவது கிழவருக்குச் செவ்வாய்க்கிழமை பையனுடைய செவ்வாய்க்கிழமை மாதிரிதான் போகிறது. திரும்பிப் பார்க்கும் நீளத்தில்தான் பிரிகிறார்கள். டேவிட் ஈகிள்மன் குழு 2007இல் ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழச் செய்து பார்த்தது. விழுந்தவர்கள் தங்கள் விழுகையை மற்றவர் விழுந்ததைவிட 36 சதவீதம் நீளமாக நினைவு கூர்ந்தார்கள். ஆனால் விழுகிற நேரத்தில் அவர்கள் கண் எதையும் கூடுதல் வேகத்தில் பிடிக்கவில்லை. நீட்டியது நினைவு.

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். நினைவு, புதுமை, பழக்கம் என்று எல்லாம் பொருந்திவருகிறது. போன மாதம் பெரியத்தையிடம் போனில் பேசியதில்தான் குழம்பிவிட்டது.

அத்தைக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. 1962 ஐப்பசியில் அவளுக்குப் பதினாறு முடிந்தது. அதற்குமுன்பே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் பள்ளிக்கூடம் போன வருஷங்களைப் பற்றிக் கேட்டால் நிறைய சொல்கிறாள். பிரெஞ்சுப் பாட்டு, நாலு வார்த்தை பிரெஞ்சில் வணக்கம், ஒருநாள் திடீரென்று வேறு கொடி, வேறு டீச்சர், பேனா மையில் நனைந்த பாவாடை. ஏழு வருஷம் அகலமாக விரிந்து கிடக்கிறது. குயோ சொன்னபடியே. சரி, அந்தக் கடைசி ஆறு மாசம் அத்தை, எழுதிக் குடுத்த நாளுக்கு அப்புறம், அது எப்படிப் போச்சு?

"அதுவா? அது ஒரு யுகம்டா."

என்ன செஞ்ச அப்போ?

"ஒண்ணும் செய்யல. வீட்லதான் இருந்தேன். வாசலுக்குப் போகக்கூடாது. அப்பா வயலுக்குப் போயிடும், அம்மா போயிடும், தம்பி பள்ளிக்கூடம் போயிடும். நெல்லு அறுத்தப்புறம் மாப்பிள்ளை பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. எப்படா அறுப்பாங்கன்னு உக்காந்திருந்தேன்."

புதுமை ஒன்றும் இல்லை. நாளுக்கு நாள் வித்தியாசம் இல்லை. சிஃப்ருடைய குகை மாதிரித்தான் இருந்திருக்கிறது அந்த வீடு. ஜேம்ஸ் கணக்குப்படி அந்த ஆறு மாதம் சுருங்கிப் போயிருக்க வேண்டும். ஆனால் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அவளுக்கு அது யுகமாகவே நிற்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. சிஃப்ர் தானாக இறங்கினார், தன் சோதனைக்காக. அத்தையை உட்காரவைத்தார்கள். எப்போது முடியும் என்பது அவள் கையில் இல்லை, நெல் கையில் இருந்தது. தாத்தாவின் ஆறு மாதத்தில் செய்ய வேண்டியதெல்லாம் அவர் செய்ய வேண்டியது, அதனால் நேரம் போதவில்லை. அத்தையின் ஆறு மாதத்தில் நடக்கப்போவதெல்லாம் வேறு யாரோ நடத்தப்போவது.

சின்னப் பிள்ளைகளின் நாள் நீளமாக இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு இருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. பிள்ளை எந்நேரமும் எதற்காவது காத்திருக்கிறது. பெல் அடிக்க, அப்பா வர, சோறு வேக, மழை விட, பெரியவர்கள் பேசி முடிக்க. எதையும் அது தள்ளிவைக்கவும் முடியாது, முன்னால் இழுக்கவும் முடியாது. நேரம் போதவில்லை என்று உணர்கிறவர்களுக்குக் காலம் வேகமாகப் போகிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகளும் சொல்கின்றன. பிள்ளைகளிடம் நேரம் போதவில்லை என்ற பேச்சே வராது. இது என் ஊகம், ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தது இல்லை.

அத்தையிடம் இன்னொன்றும் கேட்டேன். அந்த ஆறு மாசத்துக்குள்ள பிரான்சா இந்தியாவான்னு எழுதிக் குடுக்கணும்னு சட்டம் இருந்துச்சே, வீட்ல பேசிக்கிட்டாங்களா? உன்னையும் சேத்துத்தான் தாத்தா முடிவு பண்ணணும். உனக்குப் பதினெட்டு ஆகியிருந்தா நீயே எழுதியிருக்கலாம்.

போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எனக்கு யாரும் சொல்லலியே" என்றாள். பிறகு, "உங்க தாத்தா அந்த வருஷம் தையில களத்துல ராத்திரி காவல் படுத்துக்கும். நான்தான் சோறு எடுத்துட்டுப் போவேன், அதுக்கு மட்டும் வெளிய விடுவாங்க. களத்துலேருந்து திரும்பி வரப்ப வேணும்னே மெதுவா நடந்து வருவேன்" என்றாள்.